தலைக்கு ஊற்றிய கிடாரம்

எங்கள் ஊரில் முன்பெல்லாம் போட் எஞ்சினின் புரொப்பலரை வார்க்கக் கொண்டுவருபவர்கள் உடைந்த பழையதைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகமாட்டார்கள். பட்டறை வாசலிலேயே குந்திவிடுவார்கள். தங்கள் அலுமினியம் தங்கள் கண்முன்னே உருகி, தங்கள் அச்சுக்குள்ளேயே போகவேண்டும். ஒரு சொட்டு வெளியே நின்றாலும் அது களவு. அந்தக் காவல்காரர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியே என் கை தேய்ந்தது. இப்போது பட்டறை பெரிதாகி வீதிப் பக்கம் போய்விட்டது. காலையில் கொடுத்துவிட்டுப் பின்னேரம் வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள். வாசலில் சண்டை பிடிக்க ஒருவரும் இல்லை. அந்தச் சண்டைகள் இல்லாமல் எனக்குப் பொழுது போகுதில்லை.

என் கணவர் இந்தியாவில் அகதியாக இருந்த காலத்தில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு வார்ப்புப் பட்டறையில் வேலை செய்தவர். மன்னாருக்குத் திரும்பியதும் எங்கள் வளவுக்குள் நாலு தகரத்தைப் போட்டுத் தொழிலைத் தொடங்கினார். முதல் வாரமே எனக்கு அவர் விளங்கப்படுத்திய விஷயம் ஒன்றுதான். உருகிய அலுமினியம் இறுகும்போது சுருங்கும். புரொப்பலரின் இதழ்கள் மெல்லியவை, முதலில் இறுகிவிடும். இதழ்கள் வந்து சேரும் நடுக்குடம் தடிப்பானது, கடைசியில்தான் இறுகும். அது சுருங்கும் நேரம் குடிப்பதற்கு மேலே உருகிய உலோகம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பொந்து விழும், வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். அதனால் நடுக்குடத்துக்கு மேலே அச்சில் இன்னொரு குழி விட்டு, அதற்குள்ளும் உலோகத்தை நிரப்பிக் கடைசிவரை சூடாக வைத்திருக்கவேண்டும். அதற்குத் 'தலை' என்று பெயர். எல்லாம் இறுகி முடிந்தபின் தலையை அறுத்து எடுத்துவிடலாம்.

அறுத்து எடுப்பதா! வாசலில் குந்தியிருப்பவர்கள் காதில் அந்தச் சொல் விழுந்தால் போதும், பட்டறை இரண்டுபடும்.

அவர்களில் பெரிய வாய் என் சொந்த அண்ணன். "மச்சான், தலையும் வேண்டாம் வாலும் வேண்டாம். என்ர சாமான் முழுக்க என்ர புரொப்பலருக்குள்ள போகவேணும், சொல்லிப்போட்டன்" என்றார். என் கணவருக்கு யாருடைய முகத்தையும் முறிக்கத் தெரியாது. தலையைச் சுண்டைக்காய் அளவுக்குச் சிறிதாக்கிவிட்டார்.

அந்தப் புரொப்பலர் வாடைக் காற்று அடிக்கிற நாளொன்றில் நடுக்கடலில் இதழ் முறிந்து அண்ணனைக் கைவிட்டது. நீரோட்டம் போட்டை இந்தியப் பக்கமாக இழுத்திருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் போயிருந்தால் பிடித்து மறியலில் போட்டிருப்பார்கள். மறுநாள் மத்தியானம் வேறொரு போட் கட்டியிழுத்துக் கொண்டுவந்து சேர்த்தது. அதுவரைக்கும் அண்ணியும் நானும் கோயில் வாசலைவிட்டு அசையவில்லை. வந்ததும் என் கணவர் மிஞ்சிய நடுக்குடத்தை அறுத்தார். உள்ளே பேக்கரிப் பாண் துண்டு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"இனி உங்கட புரொப்பலரோட இவரைக் கடலுக்கு விடமாட்டன்" என்றார் அண்ணி. கடையில் புதிது வாங்க வழியில்லை என்பது அவருக்கும் தெரியும். அண்ணனுக்குக் கடலைவிட்டால் வேறு தொழிலும் தெரியாது.

மீண்டும் வார்ப்பதென்றால் இம்முறை பெரிய தலை வைத்தே ஆகவேண்டும். இதழ்கள் கடலோடு போய்விட்டதால் அண்ணனிடம் இருந்த பழைய அலுமினியத் துண்டுகளை நடுக்குடத்தோடு சேர்த்தாலும் புரொப்பலருக்கு மட்டுமே காணும், தலைக்குக் காணாது. நான் குசினிக்குள் போய்ப் பெரிய அலுமினியக் கிடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இந்திய அகதி முகாமில் அம்மா எங்களுக்குக் கஞ்சி காய்ச்சிய கிடாரம் அது. அம்மாவை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, அதை மட்டும் கப்பலில் கொண்டுவந்தோம்.

"அம்மாவின்ர கிடாரத்திலயா கை வைக்கிறாய்?" என்று அண்ணன் பாய்ந்தார்.

"அம்மா இருந்தா இதை உங்கட தலையில கவிட்டிருப்பா. பேசாம இருங்கோ" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

கிடாரத்தைத் தனிச்சட்டியில் உருக்கினார் என் கணவர். அண்ணனுடைய அலுமினியத்தை முதலில் அச்சுக்குள் ஊற்றினார். இன்னும் சூடாக இருந்த கிடாரத்துத் திரவத்தைக் கடைசியாகத் தலைக்குள் ஊற்றினார். சூடு தணியாமல் இருக்க, கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து நெல் ஆலையில் அள்ளிவந்த உமிச்சாம்பலை நான் அதன்மேல் தடிப்பாகக் கொட்டினேன். பிறகு காத்திருந்தோம். வழக்கமாக "உடைச்சுக் காட்டு, உடைச்சுக் காட்டு" என்று நச்சரிக்கும் அண்ணன் இம்முறை சாம்பல் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

ஆறியபின் சாம்பலை ஒதுக்கிப் பார்த்தோம். நிரம்பியிருந்த தலையின் நடுவில் ஆழமாக ஒரு குழி விழுந்திருந்தது.

"நடுக்குடம் குடிச்சிருக்கு" என்றார் என் கணவர்.

அண்ணன் அந்தக் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அந்தக் குழி அளவுக்குக் கிடாரம் கீழே போயிருந்தது. என் கணவர் தலையை அறுத்து எடுத்தார். ஊர் வழக்கப்படி மிச்சக் கட்டி அண்ணனுக்கே உரியது, அம்மாவின் பொருள் வேறு. அதை அவர் இடுப்புச் சாரத்தில் சுற்றிக்கொண்டு போனார்.

புதுப் புரொப்பலரோடு அண்ணன் கடலுக்குப் போன அன்று அண்ணி என்னோடு கதைக்கவில்லை. இரண்டு பேரும் கரையில் தள்ளித் தள்ளி நின்று ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் சாயும்போது எஞ்சின் சத்தம் கேட்டது. அண்ணி என் கையைப் பிடித்தபோதுதான் அவர் பக்கத்தில் வந்து நின்றது எனக்குத் தெரிந்தது.

உடம்பில் உப்புக் காயாமலே அண்ணன் எங்கள் பட்டறைக்கு வந்தார். அந்தக் கட்டியைச் சாரத்திலிருந்து அவிழ்த்து வாசலில் வைத்தார். ஒரு சொட்டுக்கும் விடாமல் சண்டை பிடித்த மனுசன்.

"ஏன், திருப்பிக் கொண்டு வந்திட்டியள்?" என்றேன்.

"நாளைக்கு இன்னொருத்தன் வார்க்க வருவான். அவனும் தலைக்குத் தரமாட்டன் எண்டுதான் நிப்பான். இதை ஊத்து" என்றார். "அவனும் கரைக்கு வரவேணும்தானே."