பக்கத்து வீட்டில் காய்ச்சிய பால்

தொண்ணூறுகளின் கடைசியில், மகனை ஓர் உறைவிடப் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்யக் குளத்தூரிலிருந்து கோவில்பட்டிக்கு வந்து, என் பக்கத்து வீட்டில் குடியேறினார் அந்தப் பெண். குடிவந்த அன்று பால்கூடக் காய்ச்சவில்லை. பாத்திர மூட்டையையும் அவிழ்க்கவில்லை. கையை விட்டு வேண்டிய கரண்டியை எடுப்பார், கழுவி மறுபடி மூட்டைக்குள்ளேயே போடுவார்.

“பரீட்ச முடிஞ்சா போயிருவோம்லா” என்பார்.

பையன் தேறினான். அவனைத் தூரத்திலிருந்த அந்தப் பள்ளி விடுதியில் சேர்த்துவிட்டுத் திரும்பிய மறுநாள், டம்ளரோடு என் வாசலில் நின்றார்.

“இன்னைக்குத்தான் பால் காய்ச்சினேன்க்கா.”

“ஊருக்குப் போகலையா?”

“எங்க வீட்டுக்காரவிய போகாதன்னு சொல்லியும்லா பிள்ளையக் கூட்டிட்டு வந்தேன். இப்ப நான் மட்டும் எப்படிப் போய் நிக்க?”

பாலில் சீனி இல்லை. நான் குடித்து முடித்து டம்ளரைக் கொடுத்த பிறகும் அவர் நகரவில்லை. அந்தத் தெருவில் பால் கொடுக்க அவருக்கு வேறு வீடு தெரியாது.