ஊசிக்கு முந்திய ‘ஆ’

அந்தத் தையல்காரர் காலர் வைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டால் யாருக்கும் கழுத்து தானாக நிமிரும். கூனலாக நடந்த ஒரு குமாஸ்தா அப்படித்தான் நேரானார். நம்பாதவர்கள் ஓரங்குலம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். அப்பேர்ப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை தன் சுண்டுவிரலையும் சேர்த்துப் பட்டன் தைத்தார். மனைவி அலறிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

அவருக்கு வயிற்றில் புற்றுநோய். பழைய மருந்துகள் கைவிட்டபின், புது மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சியில் நாற்பது பேரில் ஒருவராகச் சேர்ந்திருந்தார். எலுமிச்சையளவு கட்டி நான்கு மாதத்தில் பட்டாணியாகியிருந்தது. கூடவே விரல் நுனிகள் மரத்துப்போயின. அவர் கையெழுத்திட்ட தாளிலோ ஒரு வரி: உணர்ச்சி குறைந்தால் மருந்து நிறுத்தப்படலாம். சொன்னால் மருந்து போகும், சொல்லாவிட்டால் விரல் போகும். அந்த வரிக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்.

“டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்க.”

“சொன்னா வெளியே அனுப்பிடுவாங்கடி. பட்டாணி மறுபடி எலுமிச்சை ஆகணுமா?”

“அதுக்காக விரலைத் தைச்சுக்குவீங்களா?”

“நீ கொஞ்சம் வாயைத் தைச்சுக்கோ, போதும்.”

ஒவ்வொரு பரிசோதனையின்போதும் டாக்டர் அவர் விரல் நுனியைக் குண்டூசியால் தொட்டுப் பார்ப்பார். இவர் ஓரக்கண்ணால் ஊசியைப் பார்த்திருந்து, சரியாக “ஆ!” என்பார். சுவர்க்கடிகாரம் பிந்தினாலும் அவருடைய ‘ஆ’ பிந்தாது.

இந்த முறை டாக்டர், “கண்ணை மூடிக்கோங்க ஐயா,” என்றார்.

மூடினார். ஜன்னலில்லாத அறை இன்னும் சுருங்கியது. ஊசி எங்கே, எந்த விரலில்? எவ்வளவு நேரந்தான் பொறுப்பார்?

“ஆ!”

“நான் இன்னும் ஊசியையே எடுக்கலையே.”

பக்கத்திலிருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாமல்.

“நிறுத்திடாதீங்கம்மா,” என்றார் அவர்.

“நிறுத்தலை, அளவைக் குறைக்கிறேன். இப்படி முந்திக்கிட்டுக் கத்துறதுல நீங்க மூணாவது ஆள். எல்லாரும் மறைச்சா, எந்த அளவு சரின்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இனிமே சேர்றவங்களுக்கு முதல்லேயே குறைச்சுக் கொடுத்துப் பார்க்கணும்னு இன்னைக்கே எழுதுறேன்.”

“குறைச்சா பட்டாணி பட்டாணியாவே இருக்குமா?”

“தெரியாது ஐயா. மூணு வாரம் கழிச்சு ஸ்கேன்ல பார்ப்போம்.”

அன்று முதல் தினமும் காலையில் அவர் கண்ணை மூடுவார், மனைவி ஊசியால் தொடுவாள். அவர் நேர்மையாக ஊமையாக இருப்பார். பத்தொன்பதாம் நாள், “ஏதோ எறும்பு மாதிரி...” என்றார்.

“நிஜமாவா, பழைய நடிப்பா?”

“நீ தொட்டியா இல்லையா? அதைச் சொல்லு முதல்ல.”

தொட்டிருந்தாள். ஸ்கேனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.