கை நனைக்காத விருந்து

தொண்ணூறுகளில் கோபிசெட்டிபாளையம் பக்கம், வாய்க்காலில் தண்ணீர் விடச் சொல்லி பந்த் நடத்தி நடத்தியே சலித்துப்போனோம். நாங்கள் மறித்த லாரிகளில் அழுகியது எங்கள் ஊர் வாழைத்தார்தான். எனக்கு மாப்பிள்ளை முறையாகும் எங்கள் எம்.எல்.ஏ. எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில் அவர் புது வீட்டுக்குக் குடிபோனார். ஊருக்கே அழைப்பு. "அவர் வாசலை மறிக்கலாம்" என்றேன்.

என் மனைவி அலுத்துக்கொண்டாள். "ஏனுங்க, இன்னும் எத்தனை நாளைக்கு மறிப்பீங்க? போயி வாழ்த்திப்போட்டு, கை நனைக்காம வந்துரலாமுங்க."

அப்படியே செய்தோம். வாழ்த்திவிட்டு, போட்ட இலைகளைத் தாண்டி ஊரே வெளியே நடந்தது. விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிடாமல் போவதைவிட எங்கள் பக்கம் பெரிய அவமானம் கிடையாது. எம்.எல்.ஏ. செருப்புகூடப் போடாமல் ரோடு வரை ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"மாமா, ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டுப் போங்க!"

"வாய்க்கால்ல தண்ணி வரட்டுங்க மாப்பிள்ளை. அன்னைக்கு வந்து சாப்பிடறோம்."

தண்ணீர் வந்தது, பாதி வயல் காய்ந்த பிறகு. ஆனாலும் வந்தது. அத்தனை பந்த்திலும் வீணானது எங்கள் பொருள். அன்றுதான் முதல்முறையாக அவர் வீட்டுச் சோறு வீணானது என்று நினைத்துக்கொள்வேன். பிறகு ஞாபகம் வரும்: அந்த அரிசியும் எங்கள் வயலில் விளைந்ததுதான்.