குதிரைக்காரருக்குக் கண்ணீர் அஞ்சலி

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை நினைத்து விழுந்து விழுந்து சிரிக்கிற குடும்பம் மதுரையில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். மாமாவின் வீடியோ கேம் கடை விளாங்குடியில், திண்டுக்கல் சாலையைப் பார்த்தபடி இருந்தது. ஒரு நாள் காலை, பாதி இறக்கிய அதன் ஷட்டரில் அந்தச் சுவரொட்டியை ஒட்டியிருந்தார்கள். நடுவில் தாடி வைத்த கம்பீரமான ஒரு முகம், இரு பக்கமும் கண்ணீர் விடும் கண்கள், கீழே 'ஆறாத் துயரில் வாடும் விளாங்குடி ரசிகர்கள்'. பசை காயாத ஒரு மூலை மட்டும் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. செத்துப்போனவர் ஒரு வீடியோ கேமின் கதாநாயகன்.

அவருக்கு வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர். அதனால் எங்களுக்கு அவர் குதிரைக்காரர். ஒரு வாள், ஒரு கறுப்புக் குதிரை, எதற்கும் அசையாத முகம். பாகம் பாகமாக வந்த அந்தத் தொடரை நாங்கள் உயிராக நினைத்தோம். கல்லூரி விட்டதும் நான் வீட்டுக்குப் போகாமல் அந்தக் கடைக்குத்தான் போவேன். அங்கே ஆடிய ஒரே பெண் நான். பையன்கள் என்னிடம் தோற்றுவிட்டு கன்ட்ரோலரைக் குறை சொல்வார்கள். மாமா குதிரைக்காரரைப் போலவே தாடி வளர்த்திருந்தார். அடுத்த பாகத்துக்காக எல்லோரும் காத்திருக்க, வந்ததோ ஒரு கிளைக்கதை. முதல் காட்சியிலேயே குதிரைக்காரர் இறந்துவிடுகிறார். அதற்குப் பிறகு நாம்தான் அந்தக் குதிரை. காடு மேடெல்லாம் நடந்து வீடு போய்ச் சேரவேண்டும். சண்டையே கிடையாது. "தலைவரக் கொன்னுட்டுக் குதிரைய வச்சு என்னண்ணே பண்றது? புல்லு திங்கவா?" என்று ஒருவன் கேட்டான். மற்ற ஊர் ரசிகர்கள் இணையத்தில் திட்டித் தீர்த்தார்கள். எங்கள் பையன்கள் நேரே அச்சகத்துக்குப் போனார்கள். புது கேமை யாரும் தொடக் கூடாது என்று முடிவானது. "துக்கம்னா கடையும் பாதி சாத்தியிருக்கணும் மாப்ள, அதான் மரியாதை" என்று ஷட்டரை இறக்கியவரே மாமாதான்.

உண்மையில் மாமாவுக்கு வேறொரு துக்கம் இருந்தது. ஒத்தக்கடையில் ஒரு கல்லூரியில் லேப் வேலை பார்த்த பெண்ணை அவருக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெண்ணுக்கும் அவரை. பெண்ணின் அப்பா, "எல்லாம் சரி தம்பி. ஒங்க அண்ணன் வந்து கேக்கட்டும்" என்று சொல்லியிருந்தார். நடக்காத காரியம் அது. பெரிய மாமா சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். தாத்தா போன பிறகு தம்பியை ஆளாக்கியவர் அவர்தான். அந்தத் தம்பி, கொடிக்காலில் வேலையாட்கள் எல்லாரும் பார்த்திருக்க, "இதுக்குள்ள நின்னா எனக்கு மூச்சு முட்டுது" என்று சொல்லிவிட்டு வந்து கேம் கடை போட்டார். அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். பெண் விஷயத்தைச் சொல்ல அம்மா தூது போய்ப் பார்த்தாள். "அவன் பேச்ச எடுத்தா நீயும் வராத" என்று பதில் வந்தது. ஒத்தக்கடையிலோ பெண்ணுக்கு வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். கடையில் மாமா எங்களோடு சிரித்துக்கொண்டுதான் இருப்பார். ஆனால் போன் அடித்தால் முகம் மாறிவிடும்.

அன்று மதுரையில் வெற்றிலைக் கட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய சோழவந்தான்காரர் ஒருவர், பஸ் ஜன்னல் வழியாக அந்தச் சுவரொட்டியைப் பார்த்திருக்கிறார். நின்று படிக்க பஸ் விடுமா? சாத்திய கடை, தாடி, கண்ணீர். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஊரில் இறங்கியதும் சேதி சொல்லக் கொடிக்காலுக்கு ஓடினார். பெரிய மாமா அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார். அம்மா மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது காதில் விழவில்லை. அழுகையில் எடுக்கவில்லை என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

நான் பையன்களோடு கடை வாசலில் நின்றிருந்தேன். மாமா பக்கத்து டீக்கடையில் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். சோழவந்தான்காரரின் பைக் வந்து நின்றது. பின்னாலிருந்து பெரிய மாமா இறங்கினார். காலெல்லாம் கொடிக்கால் சேறு. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். சுவரொட்டியைப் பார்த்ததும் அப்படியே ஷட்டரில் சாய்ந்து, "என்னைய விட்டுட்டுப் போயிட்டியேடா" என்று கதறினார். அவர் குரலைக் கேட்டு, கையில் பன்னோடு மாமா ஓடிவந்தார்.

"என்னண்ணே, யாருக்கு என்ன ஆச்சு?"

பெரிய மாமா திரும்பிப் பார்த்தார். "உசுரோடயாடா இருக்க?" என்று முதுகில் ஓங்கி ஓர் அறை. பன் போய் ரோட்டில் விழுந்தது. அடுத்த கணம் தம்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதார். என்ன ஏதென்று தெரியாமலேயே மாமாவும் அழுதார். எனக்கும் கண்ணில் நீர் முட்டியது. அவ்வளவு சந்தோஷமான அழுகையை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அழுது முடித்ததும், "அப்ப இது யாருடா?" என்று பெரிய மாமா சுவரொட்டியைக் காட்டினார்.

"குதிரைக்காரருங்கய்யா. கேம்ல செத்துட்டாரு" என்றான் ஒரு பையன்.

"கேம்ல செத்தவனுக்கா போஸ்டர் அடிச்சீங்க?"

"அம்புட்டுப் பாசங்கய்யா."

பெரிய மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, அந்தக் குதிரை என்னாச்சு?"

நான்தான், "அது தனியா வீட்டுக்கு நடந்து போகுது மாமா. அதுதான் புது கேம். நாங்க யாரும் தொடமாட்டோம்" என்றேன். "வாயில்லா சீவன் தன்னந்தனியாப் போகுதுங்குற, தொடமாட்டேங்குற? போட்டு விடு, பாப்போம்" என்றார்.

கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடித்தார். குதிரை முதலில் மரத்தில் முட்டியது, பிறகு ஆற்றில் இறங்கி நின்றுகொண்டது. "ஏய், இங்கிட்டு வா, இங்கிட்டு வா" என்று திரையைப் பார்த்துக் கூப்பிட்டார். சபதம் போட்டவர்கள் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்கள்? "லெஃப்ட்ல திருப்புங்கய்யா", "ஐயோ, முங்கப் போகுது" என்று எல்லோரும் அவரைச் சுற்றிக் குவிந்துவிட்டார்கள். குதிரை கரையேறியபோது போட்ட கூச்சலில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சபதம் போன இடம் தெரியவில்லை. இப்போது அந்தக் கிளைக்கதைக்கும் இரண்டாம் பாகம் வந்திருக்கிறது. அதில் குதிரையைக் காணோம் என்று அதே ஆட்கள் கொதிக்கிறார்கள். கல்லாவில் ஒத்தக்கடை அத்தை உட்கார்ந்திருக்கிறாள். சுவரொட்டி அடிப்பதாக இருந்தால் தன்னிடம் காட்டிவிட்டு அடிக்கவேண்டும் என்பது அவள் உத்தரவு.

அன்று மாலை பெரிய மாமா கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "அந்தப் பொண்ணு வீடு ஒத்தக்கடையில எங்குட்டு இருக்கு?" என்று தம்பியிடம் கேட்டார். "காலக் கழுவிட்டு, நாளைக்குப் போவோம்ண்ணே" என்றார் மாமா. "நாளைக்குத் தண்ணி பாய்ச்சணும். வண்டிய எடுறா" என்றார் பெரிய மாமா. சேதி கேட்டு ஓடிவந்திருந்த அம்மாவும் நானும் ஆட்டோவில் பின்னால் போனோம். கதவைத் திறந்த பெண்ணின் அப்பா, வாசலில் நின்றவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "நீங்க?" என்றார்.

பெரிய மாமா தம்பியின் தோளில் கையைப் போட்டார். "நான் இவன் அண்ணன்."