பெல்ட் தொப்பி

போன வாரம் என் தம்பி மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். கொடைக்கானலுக்குச் சிநேகிதிகளோடு போவதற்கு முன்னால் தூத்துக்குடியில் இரண்டு நாள் அத்தை வீடு. அவள் வந்து இறங்கிய மறுநாளே அவள் பெயருக்கு ஒரு பார்சலும் வந்து சேர்ந்தது. பிரித்தால் உள்ளே ஒரு தொப்பி. நல்ல காப்பிப்பொடி நிறம், அகலமான விளிம்பு.

"ஃபெல்ட் ஹேட், அத்தை. ஃபர்ஸ்ட் டைம் போடப் போறேன். எது நமக்குச் செட் ஆகும்னு ஒரு வாரமா வீடியோ பாத்து வாங்குனேன்" என்றாள். 'ஃபெ' என்று உதட்டைக் கடித்துச் சுத்தமாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். அதை அவளிடம் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன், போன் வந்துவிட்டது அவளுக்கு. உங்களிடமாவது முழுசாகச் சொல்கிறேன்.

தொப்பியை வாங்கி முகர்ந்து பார்த்தேன். கம்பளி வாசனை, மழையில் நனைந்த ஆட்டுக்குட்டி மாதிரி. ஆனால் என் மூக்கு அதற்குப் பின்னால் வரவேண்டிய இன்னொரு வாசனையைத் தேடியது. தேங்காய் எண்ணெய் வாசனை. என் முதல் தொப்பிக்கு அது உண்டு. எண்ணெய் வழிய வழியத் தலை சீவி இரட்டைச் சடை போட்டு வளர்ந்தவள் தொப்பி போட்டால் வேறு என்ன வாசனை வரும்?

அப்போது நான் பி.காம். முடித்துவிட்டு, கப்பல் சரக்கைத் துறைமுகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்சியில் சேர்ந்திருந்தேன். முதலில் உட்கார்ந்து எழுதுகிற வேலைதான். பிறகு ஆள் இல்லாத ஒரு நாளில் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். கஸ்டம்ஸ்காரர்கள் கண்டெய்னரைத் திறந்து பார்க்கும்போது பக்கத்தில் நின்று பெட்டிகளைச் சரிபார்க்க வேண்டும். எனக்கு அந்த வேலை அப்படிப் பிடித்துப்போயிற்று. ஒரு கதவைத் திறந்தால் பிளாஸ்டிக் பொம்மை வாடை, இன்னொன்றைத் திறந்தால் மரத்தூள் வாடை. எங்கோ கண்காணாத ஊரில் பூட்டிய கதவு என் முன்னால் திறக்கிறது என்பதே பெரிய விஷயமாக இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அந்த வேலையையே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டில்தான் தகராறு. அம்மா நாசரேத்துக்காரி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அவர்கள் குடும்பத்தில் பெண்கள் எல்லோரும் டீச்சர். நானும் பி.எட். படித்து டீச்சராகி, மாநிறம் மாறாமல் கல்யாணச் சந்தைக்குப் போகவேண்டும் என்பது அம்மாவின் திட்டம். தூத்துக்குடி வெயிலோ உப்பு விளைவிக்கிற வெயில், மாநிறத்தையெல்லாம் அது மதிக்காது.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா எனக்கு ஒரு பரீட்சை வைப்பாள்.

"ஏளா, இங்கன வா. கைய நீட்டு. வாச்சக் கழத்து."

வாட்ச் வார் மறைத்திருந்த இடம் மட்டும் வெளுப்பாக ஒரு பட்டை தெரியும். அதையும் மேல்கையையும் மாறி மாறிப் பார்ப்பாள், பேப்பர் திருத்துகிற அதே முகத்தோடு.

"நீ பொறந்த கலரு இந்தா இங்கன இருக்கு. மத்ததெல்லாம் ஹார்பர்ல போட்டுட்டு வந்துட்ட. பள்ளிக்கூடம் தொறக்குற வரைக்கும் பாப்பேன். இன்னும் கறுத்தேன்னா வேலைய விட்டுட்டு பி.எட்.தான், சொல்லிட்டேன்."

அம்மா சொன்னால் சொன்னதுதான். குடை பிடித்துப் பார்த்தேன், கடற்காற்றில் ஒரே நிமிஷத்தில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. துப்பட்டாவைத் தலையில் சுற்றினேன், காதை மூடியதால் பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்கவில்லை, டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். அப்போதுதான் எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் பிலோமி ஒரு யோசனை சொன்னாள். அவள் புன்னைக்காயல்காரி. அப்பா மீன்பிடிக்கப் போகிறவர்.

"தொப்பி வாங்குளா. ஆனா பெல்ட் உள்ள தொப்பியா வாங்கணும். எங்கப்பா தாடைக்கடியில இழுத்துக் கட்டிக்கிட்டுதான் கடலுக்குப் போவாவ. இல்லைன்னா கச்சான் தூக்கிட்டுப் போயிரும்."

கச்சான் என்பது மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வரும் காற்று. அது கிளம்புகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலமே பழைய துறைமுகம் பக்கம் கப்பல் சாமான் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். ஷூ, சூட்கேஸ், சென்ட், மாலுமிகள் விற்றுவிட்டுப் போன கோட்டு என்று கலந்து கட்டிய கடை. பெண்கள் யாரும் உள்ளே இல்லை. வெளியே இரண்டு தடவை நடந்துவிட்டுத்தான் படியேறினேன்.

"பெல்ட் தொப்பி இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கும்மா. கப்பல்லருந்து வந்தது. ஒரிஜினல் பெல்ட்டு."

மூன்று தொப்பிகளை எடுத்து வைத்தார். கறுப்பு, பழுப்பு, சாம்பல். எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன், உள்ளே விரலை விட்டுத் துழாவினேன். தாடைக்குக் கட்டுகிற வார் எதுவும் தட்டுப்படவில்லை.

"இதுல பெல்ட் எங்க அண்ணாச்சி?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "முழுசுமே பெல்ட்டுதாம்மா. தடவிப் பாருங்க."

"முழுசுமா?"

"ஆமா. கலப்படம் கிடையாது."

கடையில் ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு தரம் கேட்க வெட்கமாகிவிட்டது. நல்ல வேளையாக (என்று அப்போது நினைத்தேன்) தொப்பியைச் சுற்றி ஓடும் பட்டு ரிப்பன் கண்ணில் பட்டது. ஓரத்தில் ஒரு முடிச்சு வேறு. ஓகோ, இதுதான் பெல்ட், இடுப்புக்கு மாதிரி இது தலையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் போலிருக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். படித்தவள் அல்லவா?

தூணில் சவரக் கண்ணாடி அளவுக்கு ஒரு கண்ணாடி தொங்கியது. அதில் ஒரு நேரத்தில் ஒரு கண்தான் தெரியும். கறுப்பு சூடு பிடிக்கும் என்று தள்ளினேன். சாம்பலில் அழுக்குத் தெரியும். பழுப்பை எடுத்துப் போட்டால் தலையில் உட்காராமல் பின்பக்கம் எழும்பி நின்றது. அண்ணாச்சி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பூவ எடுத்துட்டுப் போடுங்கம்மா." ஒரு முழம் பிச்சிப்பூவோடு தொப்பி பார்க்க வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பூவைக் கழற்றி மேஜையில் வைத்தேன். தொப்பி அழகாக இறங்கியது. பூவை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன். ரிப்பன் முடிச்சு இடது பக்கம் வரவேண்டுமாம், அது தெரியாமல் கடைசிவரை நெற்றிக்கு நேராகவே போட்டுக்கொண்டு திரிந்தேன்.

அம்மா தொப்பியைப் பார்த்துவிட்டு, "கோயில்ல முக்காடு போடச் சொன்னா நழுவிருது. ஹார்பருக்குத் தொப்பியோ?" என்றதோடு சரி. ஒரு வாரம் நன்றாகவே போயிற்று. பிறகு கச்சான் வந்தது.

கஸ்டம்ஸ் அதிகாரி நிற்கிறார், கண்டெய்னர் திறந்திருக்கிறது, நான் குனிந்து பெட்டியின் குறியைப் படிக்கிறேன். தலை சட்டென்று லேசானது. நிமிர்ந்தால் என் தொப்பி விளிம்பில் நின்றபடி சக்கரம் போல யார்டுக்குள் ஓடுகிறது.

"ஏலே, தொப்பி போவுதுலே! பிடி, பிடி!"

லோடு ஏற்றுகிறவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அது அவர்களுக்குப் போக்குக் காட்டிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு லாரி டிரைவர் குதித்து இறங்கிக் காலால் மிதித்து நிறுத்தினார். "தப்பா நினைக்காதீங்க தங்கச்சி, கைக்கு அம்புடல" என்று செருப்புத் தடத்தோடு கொண்டுவந்து கொடுத்தார். யார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி? வெறுந்தலையோடு நின்று மீதிப் பெட்டிகளைப் பார்த்து முடித்தேன். ஆனால் விஷயம் எனக்கு முன்னால் ஆபீசுக்குப் போய்விட்டது. மேனேஜர் கூப்பிட்டார்.

"எல்லாரும் வேலைய விட்டுட்டு உன் தொப்பி பின்னால ஓடுனாங்களாமே? உனக்கு எதுக்கும்மா வெளிவேலை? நாளையிலருந்து வேற ஆளப் போட்டுருதேன்."

வீட்டுக்கு அழுதுகொண்டே போனேன். ஒரே நாளில் ஆபீசும் கைவிட்டது, முகமும் வெந்துவிட்டது, இனி பி.எட்.தான் என்று முடிவே செய்துவிட்டேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"பெட்டியெல்லாம் பாத்து முடிச்சியா?" என்றாள்.

"முடிச்சேன். ஒரு பெட்டி நனைஞ்சிருந்துச்சு. அதிகாரி கவனிக்கல, நான்தான் காட்டுனேன்."

"ம். அதென்ன பெல்ட் தொப்பி பெல்ட் தொப்பிங்க? பெல்ட் எங்க இருக்குளா?"

ரிப்பனைக் காட்டினேன். கடைக்காரர் முழுசுமே பெல்ட் என்று சொன்னதையும் சொன்னேன். அம்மா தொப்பியை வாங்கித் தடவிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அப்பா இறந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

"அவரு சொன்னது ஃபெல்ட்டு. கம்பளிய அடிச்சுச் செய்யிறது. உனக்கு வேண்டியது பெல்ட்டு. எஃபுக்கும் பிக்கும் வித்தியாசம் தெரியாதவளுக்கு பி.எட். எதுக்கு? எந்தப் பிள்ளைகளக் கெடுக்கதுக்கு?"

காலையில் எழுந்து பார்த்தால் தொப்பியில் செருப்புத் தடம் இல்லை. இரண்டு பக்கமும் வெள்ளைப் பாவாடை நாடா வைத்து நெருக்கத் தைத்திருந்தாள். வாசலில் என்னை நிறுத்தி முகவாய்க்குக் கீழே அவளே கட்டிவிட்டாள்.

"நாடிய நிமித்துளா. ம். போ, போயி அந்த மேனேஜர்ட்ட காட்டு."

மேனேஜர் வெகுநேரம் பார்த்தார். "இது பறக்காதுல்லா?" என்றார். பறக்காது சார் என்றேன். "சரி, போ." அன்றிலிருந்து தினமும் காலையில் அம்மாதான் கட்டிவிடுவாள். எனக்குக் கட்டத் தெரியாமல் இல்லை. அவளும் விடவில்லை, நானும் கேட்கவில்லை. சனிக்கிழமைப் பரீட்சை அதோடு நின்றுபோயிற்று. நான் கறுத்துத்தான் போனேன். கறுத்த பிறகும் ஒருவர் வந்து கட்டிக்கொண்டார்.

அந்தக் கடை இப்போது செல்போன் கடை. துறைமுகத்துக்குள் எல்லோருக்கும் ஹெல்மெட், அதற்குக் கம்பெனியே வார் வைத்து அனுப்புகிறது. பிலோமி மகனோடு துபாய் போய்விட்டாள். தொப்பியை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன், அம்மா இறந்த வருஷம் நான் எடுத்துப் பார்த்தபோது பூச்சி அரித்துப் பொடியாகக் கிடந்தது. பூச்சிக்குக் கம்பளி மட்டும்தான் பிடிக்கும் போல, நாடா இரண்டும் அப்படியே இருந்தன.

தம்பி மகள் கொடைக்கானலுக்குக் கிளம்புகிற காலையில் அந்த நாடாக்களை எடுத்து அவள் தொப்பியில் தைத்துக் கொடுத்தேன். "அத்தை, ஸ்டைலே போச்சு" என்று சிணுங்கினாலும் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தாடைக்குக் கீழே முடிச்சுப் போடப்போனேன். குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாடிய நிமித்துளா" என்றேன், என்னை அறியாமல்.

அவள் நிமிர்ந்து சிரித்தாள். "அதென்ன அத்தை, ளா?"

ஏளா என்பதுதான் அது, எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற வார்த்தை என்று சொன்னேன். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி கட்டினேன். ஆட்டோ வந்து, அவள் போய், கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். இந்த ஊரில் என்னை அக்கா என்கிறார்கள், அத்தை என்கிறார்கள், மேடம் என்கிறார்கள். ஏளா என்று கூப்பிட ஆள் இல்லை.