முதுகுத் துடுப்பு இல்லாத தகர மீன்

பேச்சியக்கா இறந்துவிட்டார் என்று அவருடைய மருமகன் காட்கோபரிலிருந்து வந்து என் தகரப் பட்டறையில் சொன்னார். கையிலிருந்த தகரத்தைக் கீழே வைத்தேன். தாராவிச் சந்தையில் அக்காவிடம் மீன் வாங்கிய உங்களுக்கு அவர் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதில் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்தான்.

என் மகள் செல்வி ஆறாவது படித்தபோது பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். "எங்கப்பா நீந்துற மீன் செஞ்சு தருவாங்க" என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். எட்டாவதோடு நின்றவன் என்றாலும் தகரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு. சாவி கொடுத்தால் வாலாட்டும் மீன் ஒன்றைச் செய்து அண்டாவில் விட்டேன். நான்கு முறை வாலை அடித்தது, பிறகு மல்லாந்தது.

"செத்த மீனா செஞ்சிருக்கீங்கப்பா?" என்றாள். சிரித்தபடிதான் கேட்டாள். கண் கலங்கியிருந்தது. மறுநாள் கண்காட்சி.

மீனைப் பையில் போட்டுக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முதுகுல செட்டை எங்க தம்பி?"

"மீனுக்கு முதுகுல என்னக்கா இருக்கு?"

மீன் வாங்க நின்ற பெண்கள் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் கருவாடுதான் பழக்கம். இங்கே எட்டு வருஷமாக, வாலைத் தவிர மற்றத் துடுப்புகளையெல்லாம் அக்கா நறுக்கித் தந்த மீனைத்தான் பார்த்திருக்கிறேன்.

"நான் வெட்டிக் குடுத்தா, ஆண்டவனே அப்படித்தான் படைச்சாருன்னு நெனச்சிட்டியாக்கும்?"

தொட்டியில் உயிரோடு கிடந்த விராலைக் காட்டினார். "வாலு தள்ளும். அந்த வேகத்துல ஒடம்பு உருளாம முதுகுச் செட்டையும் அடிவயித்துச் செட்டையும் பாத்துக்கிடும். கன்னத்துக்குப் பின்னால ரெண்டு ஆடுது பாரு, அது திரும்பவும் நிக்கவும். ஓடுறதுக்கு வாலு போதும் தம்பி. நிமிந்து ஓடத்தான் மத்தது பூரா."

அன்று மாலையே எல்லாவற்றையும் பற்றவைத்தேன். மறுநாள் கண்காட்சியில் மீன் கவிழவில்லை. ஜோராக நேரே போய்த் தொட்டிச் சுவரில் முட்டியது. பக்கத் துடுப்புகளை ஆடாதபடி பற்றவைத்திருந்தேன்.

"இதுக்குத் திரும்பத் தெரியாது டீச்சர், எங்கப்பா மாதிரி நேராத்தான் போகும்" என்றாள் செல்வி பெருமையாக.

அக்காவிடம் சொன்னேன். "திரும்பாட்டா போவுது, கவுழலல்லா" என்றார். அந்த வாரத்திலிருந்து எனக்கு மட்டும் மீனை நறுக்காமல் தந்தார். "வீட்டுல வச்சு நல்லாப் பாத்துட்டு நீயே வெட்டு."

எங்கள் வீட்டில் மீன் நறுக்குவது இன்றும் என் வேலைதான். கத்தரி வைப்பதற்கு முன் ஒவ்வொரு துடுப்பையும் விரித்துப் பார்ப்பேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம்.

பதினாறு கழிந்து சந்தைக்குப் போனேன். அக்கா இடத்தில் அவர் மகள் உட்கார்ந்திருந்தாள். மீனை எடைபோட்டாள்; கத்தரியை எடுக்கவில்லை.

"நறுக்கலியாம்மா?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்கு முழுசாத்தான் குடுக்கணும்னு அம்மா சொல்லிருக்குண்ணே."