மத்தியின் வயிறும் அக்காவின் கட்டைவிரலும்

மீன் இறங்கும் கொட்டகையில் என் அக்காவுக்கு எக்ஸ்ரே என்று பெயர். மத்தி மீனைக் கையில் எடுப்பாள், கட்டைவிரலால் வயிற்றை ஒரு அழுத்து அழுத்துவாள், கத்தி படுவதற்கு முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். முப்பத்தொரு வருஷமாக அதே கொட்டகை, அதே சிமெண்ட் மேடை, அதே குட்டை முக்காலி. முக்காலிக்கு இரண்டு தடவை கால் மாற்றியிருக்கிறோம். அவள் வாய்க்கு இதுவரை ஒரு ரிப்பேரும் வந்ததில்லை.

என்னைவிட ஏழு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நான் வயிற்றுவலி என்று சுருண்டு படுப்பேன். அதே கட்டைவிரல் என் வயிற்றுக்கும் வரும். "ஒண்ணுமில்ல, பொய்தான் உருண்டு கெடக்கு. எழுந்திருடா" என்பாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றதில் அவள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

அக்காவின் புருஷன், என் மாமாவுக்கு ஐஸ் ஆலையில் வேலை. வீட்டிலும் மனுஷன் உறைந்துதான் கிடப்பார். அக்கா பேசி முடித்த பிறகுதான் கொஞ்சம் உருகி, "சோறு இருக்கா?" என்று கேட்பார். நல்ல ஜோடி.

மீன் சுத்தம் செய்கிறவர்களுக்குக் கூலி கிலோவுக்குத்தான். நான் படகு வாங்கிய காலத்தில் ஒரு கிலோவுக்கு இருபத்தைந்து மத்தி நிற்கும். இப்போது அறுபதுக்குக் குறையாது. அதே கூலிக்கு அக்காவின் கத்தி அறுபது தடவை இறங்க வேண்டும். "எவன்டா இதுங்களுக்குத் தீனி போடாம வளர்த்தது?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்பாள், ஏதோ நான்தான் வளர்த்த மாதிரி.

காரணம் தண்ணீர். கால் கழுவ ஒரு வாளி மொண்டால் முன்பெல்லாம் மத்தி வரும் மாதத்தில் குளிர் காலை வெடுக்கென்று இழுக்கவைக்கும். இப்போது யாரோ குளித்துவிட்டு மிச்சம் வைத்த வெந்நீர் மாதிரி இருக்கிறது. பெரிய மத்தியெல்லாம் குளிர்ச்சியைத் தேடி ஆழத்துக்கும் தூரத்துக்கும் போய்விட்டது. என் படகின் சின்ன இன்ஜினுக்கு அவ்வளவு தூரம் மூச்சு கிடையாது. கரையோரம் மிஞ்சிய பொடிசுதான் எனக்கு.

இந்த லட்சணத்தில்தான் புது மீன்வளத்துறை ஆபீசர் மாற்றலாகி வந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அக்குளில் கைக்குழந்தை மாதிரி ஒரு மரப்பலகை, பலகையில் ஒரு சிவப்புக் கோடு. மீனைப் படுக்கவைத்தால் வால் கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டாதது குஞ்சு. கூடையில் பாதிக்கு மேல் குஞ்சு இருந்தால் படகை மூன்று மாதம் கட்டிப்போடலாம் என்பது சட்டம். மத்தி கரைக்கு வருவதே இந்த மூன்று மாதம்தான். எனக்கு வருஷம் என்பதே அதுதான்.

அவர் என் கூடையை அளந்தார். முக்கால்வாசி கோட்டுக்கு இந்தப் பக்கமே படுத்துவிட்டது.

"இது முதல் தடவை, விட்டுடறேன். திங்கக்கிழமை மறுபடி வருவேன். அப்பவும் இப்படின்னா படகைக் கட்டிடுவேன்" என்றார்.

திங்கட்கிழமைக்குள் மத்தியை வளர்க்க முடியுமா? நான் யோசித்தேன். யோசித்ததுதான் தப்பு. மாமாவைத் தனியாகப் பிடித்து, ஐஸ் ஆலையின் குளிர் அறையில் போன வருஷத்திலிருந்து கிடந்த பெரிய மத்தி இரண்டு பெட்டி வாங்கினேன். "அக்காகிட்ட மூச்சு விடாதீங்க" என்றேன். அவர் எப்போது மூச்சு விட்டார்? கடல் தண்ணீரில் ஊறப்போட்டு, என் கூடைகளின் மேலே அழகாகப் பரப்பினேன். பார்க்கக் கல்யாணக் கூட்டத்தில் முன்வரிசை மாதிரி இருந்தது.

ஆபீசர் வந்தார். மேலே கிடந்த ஒன்றை எடுத்தார். கண் வெளுத்துக் குழி விழுந்திருந்தது. பலகையில் ஒரு தட்டுத் தட்டினார். 'டொக்' என்றது.

"இது கடல்லேர்ந்து வந்ததா?"

"ஆமா சார். இன்னைக்கு விடியக்காலை பிடிச்சது."

"கடல் சூடாகுதுன்னு எங்க ஆபீஸ்ல தலையில அடிச்சுக்கறாங்க. உங்க மீனுக்கு மட்டும் நடுமுள்ளுல ஐஸ் கட்டியிருக்கு?"

கொட்டகையே சிரித்தது. தராசுக்காரன் சிரித்த சிரிப்பில் எடைக்கல் கீழே விழுந்தது. ஆபீசர் மேலே இருந்ததை ஒதுக்கிவிட்டு அடியில் கைவிட்டார். பொடிசுகள் வந்தன. சட்டைப்பையிலிருந்து படகைக் கட்டும் தாளை எடுத்தார், பேனா மூடியைக் கழற்றினார்.

அப்போதுதான் அக்கா முக்காலியிலிருந்து எழுந்தாள். கையில் கத்தி.

"சார், கொஞ்சம் நில்லுங்க. இவன் ஃப்ராடு, அதை நான் மறுக்கல. என் வீட்டுக்காரரையும் சேத்துக் கெடுத்திருக்கான், அதை வீட்டுல பேசிக்கறேன். ஆனா அடியில கெடக்கற அந்தப் பொடிசு குஞ்சு இல்ல."

"கோட்டுக்குள்ளதானேம்மா இருக்கு?"

"நான் உங்க தோளுக்குக்கூட வரமாட்டேன். மூணு பிள்ளை பெத்துட்டேன். என்னை ஒண்ணாப்புல சேத்துக்குவீங்களா?"

ஆபீசர் பேனாவை மூடவில்லை, ஆனால் எழுதவும் இல்லை.

"உங்க கையாலேயே இருபது எடுங்க. அடியிலேர்ந்து எடுங்க. வயித்துல சினை இருக்கா இல்லையான்னு நான் முதல்ல சொல்றேன், அப்புறம் வெட்டறேன். மூணு தப்பாப் போச்சுன்னா இவன் படகைக் கட்டிக்கிட்டுப் போங்க."

"அக்கா! அது என் படகு!"

"வாயை மூடுடா. நீ காட்டின வித்தையை ஊரே பாத்துச்சு."

ஆபீசர் முழங்கை வரை கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். அக்காவின் கட்டைவிரல் அழுத்தியது. "சினை." வெட்டினாள், மஞ்சளாக முட்டை. "சினை." மஞ்சள். "இது ஆம்பள, பருவத்துக்கு வந்தவன்." வெட்டினாள், பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. ஆறு சரியாகப் போயிற்று. ஏழாவதை "சினை" என்று வெட்டினாள். உள்ளே வெறும் தீனி.

"தின்னு தின்னு வயித்தை ஊத வெச்சிருக்கு, என் தம்பி மாதிரி. ஒண்ணு தப்பு" என்று அவளே சொன்னாள்.

பன்னிரண்டாவதை அழுத்திவிட்டு, "இது நிஜமாவே குஞ்சுதான் சார், எழுதிக்கங்க" என்றாள். எனக்கு அவள் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. வெட்டிப் பார்த்தால் குஞ்சுதான். பதினைந்தாவது மறுபடி தப்பு. இன்னும் ஒன்று தப்பானால் என் வருஷம் போயிற்று. நான் கூரைத் தகரத்தில் இருந்த ஆணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபதாவதுக்கு அக்கா இரண்டு தடவை அழுத்தினாள். அவள் இரண்டு தடவை அழுத்தி நான் பார்த்ததே இல்லை.

"சினை... இல்ல, இரு. ஆம்பள. ஆம்பளதான்."

வெள்ளை.

ஆபீசர் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். சினையோடு கிடந்த ஒரு மத்தியைப் பலகையில் வைத்து மூன்று தடவை அளந்தார். மீன் நீளவில்லை.

"இந்தக் கோடு போட்ட காலத்து மீன் வேறம்மா. தண்ணி சூடேற ஏற இதுங்க அவசர அவசரமா வயசுக்கு வந்துடுது, வளர்த்தியும் அதோட நின்னுபோவுது. படிச்சிருக்கேன். இங்க இவ்வளவு தூரம் போயிருக்கும்னு நினைக்கல."

"அப்ப கோட்டை மாத்திப் போடுங்க."

"அது என் கையில இல்ல. எழுதி அனுப்பறேன்."

தாளைக் கிழித்துப் போட்டார். என்னை மட்டும் சும்மா விடவில்லை. வெட்டிய இருபதையும் ஐஸில் வைத்து அவர் ஆபீசுக்குச் சுமந்து வரச் சொன்னார். "ஐஸ் வேலை உங்களுக்கு நல்லாப் பழக்கமாச்சே" என்றார். வழியெல்லாம் தண்ணீர் என் முதுகில் ஒழுகியது. எனக்கு உறைக்கவேயில்லை. படகு தப்பிவிட்டது.

மறுநாள் வலையை ஏற்றிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எங்கடா கிளம்பிட்டே?"

"கடலுக்குத்தான்."

"நேத்து வெட்டினதுல பதினோரு வயித்துல சினை. முட்டை விடட்டும். மூணு வாரம் போகாதே."

"ஆபீசரே விட்டுட்டாருக்கா!"

"அவருக்குக் கோடு தெரியும். எனக்கு வயிறு தெரியும். இதுங்களையும் வாரிக்கிட்டு வந்தா அடுத்த வருஷம் கிலோவுக்கு நூறை நான்தான் உக்காந்து நறுக்கணும். இல்லேன்னா நறுக்க ஒண்ணுமே இருக்காது."

"உனக்கும்தானே கூலி போகும்?"

"போகட்டும். கட்டைவிரலுக்கு லீவு."

என் படகைக் காப்பாற்றிய அதே சினையைக் காட்டி என்னையே மாட்டிவிட்டாள். சரி, இவள் பேச்சை மீறிப் போய்விடலாம் என்று பார்த்தால், அதற்கும் வழி இல்லை. முந்தின நாள் சாயங்காலமே மேடைப் பெண்கள் பதினான்கு பேரிடமும் பேசி வைத்திருக்கிறாள். யார் மத்தி கொண்டுவந்தாலும் மூன்று வாரத்துக்குக் கத்தி வைக்க மாட்டார்களாம். சுத்தம் பண்ணாத மத்தியை எங்கள் வியாபாரிகள் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். எங்கள் கரையின் ஒன்பது படகும் கடலுக்குப் போகாமல் நின்றன. ஒன்பது பேரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

வியாழக்கிழமை ஆபீசர் பலகையோடு வந்தார். அளக்க ஒரு மீன் இல்லை. காலி மேடையைப் பார்த்தார், வரிசையாக நின்ற படகுகளைப் பார்த்தார், "யார் கட்டினது?" என்று என்னிடம் கேட்டார். நான் மேடைப் பக்கம் கையைக் காட்டினேன். அங்கே அக்கா முக்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் கட்டியிருந்தால் மூன்று மாதம். அவள் கட்டியது மூன்று வாரம்தான். ஆனால் அவர் கட்டியிருந்தால் மேலிடத்துக்கு ஒரு மனு போட்டிருக்கலாம்.